ஒரு கை சாம்பல்

வெண்கலச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு விரல் முட்டியால் தட்டினால் என்ன சத்தம் வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீயும் பக்கத்தில்தான் குத்தவைத்திருந்தாய், டவுசர் பையில் கோலிக்குண்டு கனக்க, மூச்சை அடக்கிக்கொண்டு. சட்டிக்குள்ளே மயங்கிப்போன கோழிக்குஞ்சு. சட்டிக்கு மேலே அப்பத்தாவின் கை. ணங்... ணங்... என்று ஒரே சீராகத் தட்டுவாள். அவசரமே கிடையாது. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டே தட்டுவாள். கழனித்தொட்டியில் விழுந்து விறைத்தது, சைக்கிள் சக்கரத்தில் இடிபட்டது, பருந்து தூக்கிப் பாதியில் நழுவவிட்டது, சித்திரை வெயிலில் கிறங்கி விழுந்தது என எல்லாவற்றுக்கும் அதே சட்டிதான். தட்டத் தட்ட உள்ளேயிருந்து ஒரு 'கீச்' வரும். அந்த ஒற்றைக் கீச்சுக்காகத்தான் பள்ளிக்கூட மணியைக்கூடக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருப்போம்.

"உசிரு உள்ளதான்டா நிக்குது. வழி தெரியாம முழிக்குது. சத்தம் கேட்டா வந்திரும்" என்பாள்.

எல்லாக் குஞ்சுக்கும் வழி தெரிந்துவிடவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இப்போது உன்னைக் கூப்பிடுகிறேன்.

போன மாசியில் என் வீட்டுப் பின்பக்கம் நான் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். மதுரைக்கு வெளியே மூன்று சென்ட் வீடு. பின்னால் துணி காயப்போடுகிற அளவுக்கு இடம். மகள் ஆசைப்பட்டாள் என்று சொல்லிக்கொண்டு என் ஆசைக்குத்தான் சந்தையிலிருந்து ஒரு செவலைப் பெட்டையை வாங்கி வந்திருந்தேன். எவர்சில்வர் சத்தம் வேறு. சட்டுச் சட்டென்று அறுந்து விழுகிறது. வெண்கலம் மாதிரி இழுத்துக்கொண்டு போவதில்லை. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னங்க அது, பக்கத்து வீட்ல தூங்குறாங்க" என்றாள்.

அடை வைத்த நாளிலிருந்து சொன்னால்தான் உனக்குப் பிடிக்கும்.

அப்பத்தா அடை வைப்பது ஒரு வீட்டு விசேசம் மாதிரி. கோழி கேறிக்கொண்டு, இறகைச் சிலிர்த்து உடம்பை ரெண்டு பங்காக்கிக்கொண்டு, கிட்டே போனால் கொத்த வரும். அப்போதே தெரிந்துவிடும், அடைக்கு நிற்கிறது என்று. வேண்டாத காலத்தில் நின்றால் அதன் மூக்கில் அதனுடைய இறகையே குறுக்கே செருகிவிட்டு, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி விரட்டிவிடுவாள். வேண்டிய காலத்தில் நின்றால் ராஜ உபசாரம். உடைந்த கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோலைத் திருகிப் போட்டு, முட்டை வைப்பாள். ஒற்றைப்படையில்தான். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. கூடவே ஒரு கரித்துண்டு, ஒரு துருப்பிடித்த ஆணி, ரெண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கலங்கிப் போகக்கூடாதாம். ஆணி எப்படி இடியைத் தடுக்கும் என்று நீதான் ஒருநாள் கேட்டாய். "நீ மூணாப்புத்தானே படிக்கிற, ஆறாப்புல சொல்லித் தருவாக" என்றாள். ஆறாப்பிலும் சொல்லித் தரவில்லை.

இருபத்தோரு நாள். பதினெட்டாம் நாள் வாக்கில் ஒரு சட்டியில் வெதுவெதுப்பாய்த் தண்ணீர் ஊற்றி முட்டையை மிதக்க விடுவாள். உயிருள்ள முட்டை தண்ணீருக்குள் லேசாய்த் துடித்து ஆடும். ஆடாததைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்து, "கூமுட்டை" என்று எட்ட வைப்பாள். அதற்குப் பிறகு யாரைக் கூமுட்டை என்று திட்டினாலும் நமக்கு அந்தக் குலுக்குகிற சத்தம்தான் ஞாபகம் வரும்.

குஞ்சு பொரித்த அன்று வீடெல்லாம் ஒரு வாடை அடிக்கும். ஈர இறகும், உடைந்த ஓட்டின் உட்தோலும், வைக்கோல் சூடும் கலந்த வாடை. இரை வைக்கலாமா என்று நாம் குருணையைக் கையில் வைத்துக்கொண்டு பறப்போம். "இப்பத் திங்காது. வயித்துல சோறு கட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கு" என்பாள். மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு ஓட்டை உடைக்கிறது, ரெண்டு மூன்று நாள் அதிலேயே ஓடும் என்பதைப் பின்னால் நான் புத்தகத்தில் படித்தேன். கட்டுச்சோறு என்ற வார்த்தை மட்டும் புத்தகத்தில் இல்லை.

பொழுது சாய்ந்தால் பஞ்சாரம். மூங்கில் சிம்பில் பின்னியது. மேலே ஒரு அம்மிக்குழவி. 'ப்பே... ப்பே... ப்பே' என்று அவள் குரல் கொடுத்தால் குப்பைமேட்டிலிருந்தும் வேலியடியிலிருந்தும் படப்பின் மேலிருந்தும் ஓடி வரும். கருப்பி, சாம்பக்கோழி, பொறிக்கோழி, கழுத்தில் இறகே இல்லாத அந்தக் கழுத்தறுத்தான். குஞ்சுகளை விரலால் தொடாமல் கண்ணாலேயே எண்ணுவாள். விரல் நீட்டி எண்ணினால் குறைந்துவிடுமாம். இன்றைக்கும் நான் எதையும் விரல் நீட்டி எண்ணுவதில்லை.

குறைகிற காலம் ஒன்று இருந்தது. தையில் பனி விலகி மாசியில் வெயில் ஏறும்போது, மேலத்தெருவில் யாராவது ஒருத்தி, "கோழி தூங்குதுக்கா" என்று சொல்வாள். அவ்வளவுதான். அப்பத்தாவின் முகம் மாறிவிடும். தூங்குகிற கோழி என்றால் உனக்குத் தெரியும். பட்டப்பகலில் சுவரோரம் ஒடுங்கி, இறக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு. வகுப்பில் சாமியாடினால் வாத்தியார் நம்மை "சீக்குக்கோழி" என்று கூப்பிட்டது அதை வைத்துத்தான். அப்புறம் பச்சையும் வெள்ளையுமாய்க் கழிச்சல். வாயைத் திறந்து திறந்து மூச்சு. பிழைத்துக் கிடந்ததில் சிலது கழுத்துத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். முன்னால் போக நினைத்துப் பின்னால் போகும்.

ராணிக்கெட் என்று அதற்குப் பெயர். கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். "எந்த ராணி கெட்டாளோ, அவ பாவம் நம்ம கோழி தலையில விடிஞ்சிருக்கு" என்றாள் அப்பத்தா. எந்த ராணியும் கெடவில்லை. இமயமலைப் பக்கம் குமாவுனில் ராணிக்கேத் என்று ஓர் ஊர். 1927இல் நம் நாட்டில் இந்த நோயை அங்கே அடையாளம் கண்டதால் ஊர்ப்பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தின வருசம் ஜாவாவிலும் இங்கிலாந்தில் நியூகேஸிலிலும் கோழிகள் இதிலேயே மடிந்தன; உலகம் இதை நியூகேஸில் நோய் என்கிறது. வளர்ந்த கோழிக்கு இறக்கையடியில் போடுகிற தடுப்பூசிக்கு வித்தான கிருமி வகைக்கும் அதே குமாவுனில் இருக்கிற முக்தேஸ்வர் என்ற ஊரின் பெயர்தான். சீக்கும் அங்கே, மருந்தும் அங்கே. இதை அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால், "பாம்பும் அங்கதான், கீரியும் அங்கதான்" என்றிருப்பாள். ஆனால் ஊசிக்காரர் ஐஸ் வைத்த பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்ததும் கோழிகளை நெல்லுக்குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்ததும் அவள்தான். நாம்தான் காவல். ஊசி போட்டால் முட்டை நின்றுபோகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அந்த வருசம் ஊரில் விடியற்காலையில் ஒரு சேவல்கூடக் கூவவில்லை. ஞாபகம் இருக்கிறதா? விடிந்துவிட்டது என்பதே தெரியாமல் ஊர் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தது.

அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்வாள். சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் மஞ்சளும் சேர்த்து அம்மியில் நசுக்கி, சுண்டைக்காய் அளவு உருட்டி, அலகைப் பெருவிரலால் திறந்து உள்ளே தள்ளி, தொண்டையை மேலிருந்து கீழே நீவிவிடுவாள். அந்த மஞ்சள் விரலின் வாடை எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. ராணிக்கெட் பிடித்த பிறகு அதை முறிக்கிற மருந்து இங்கிலீஷ் வைத்தியத்திலும் கிடையாது. அது வைரஸ், தாங்குகிற உடம்பு தாங்கும் என்று இப்போது தெரிகிறது. அவளுக்கும் ஏதோ தெரிந்துதான் இருந்தது. மருந்து கொடுத்த மறுநாள் காலையில் மூன்று காரியம் பார்ப்பாள். குருணையைப் போட்டு, இரை பக்கம் கண் போகிறதா என்று பார்ப்பாள். தாய்க்கோழி கொக்கொக் என்று கூப்பிடும்போது தலை திரும்புகிறதா என்று பார்ப்பாள். விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பாள்.

"ஒண்ணு இருந்தாலும் பொறுத்துப் பாக்கலாம். மூணும் போயிருச்சுன்னா நாம புடிச்சு வச்சிருக்கக் கூடாது. அது நமக்காகக் கெடந்து அனுபவிக்கும்."

முதன்முதலில் நாம் அதைப் பார்த்தது சீக்குக் காலத்தில் இல்லை. அது நல்ல ஐப்பசி. 'கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா' என்று எல்லாரும் சொல்வார்கள். கருப்பி மிதித்துவிட்டது. பூனைக்குப் பயந்து எகிறினபோது ஒரு குஞ்சின் இடுப்பில் அதன் கால் அழுந்த விழுந்துவிட்டது. குஞ்சின் ரெண்டு காலும் பின்னால் துணி மாதிரி இழுபட்டன. "பழமொழி பொய்யா அப்பத்தா?" என்று கேட்டேன். "அது தாய்க்கும் பிள்ளைக்கும் சொன்னதுடா. கோழிக்கு யாரு சொன்னா?" என்றாள். ஒருநாள் பூராவும் பஞ்சுமேல் வைத்துப் பார்த்தாள். சட்டியைத் தட்டவே இல்லை. மறுநாள் காலையில் மூன்று காரியமும் பார்த்துவிட்டு, "போங்கடா, போய்க் கடையில வெத்தலை வாங்கிட்டு வாங்க" என்றாள். வெற்றிலை முந்தின நாள்தான் வாங்கியிருந்தது.

நாம் போகவில்லை. படப்புக்குப் பின்னால் போய்ப் பதுங்கினோம். அவளும் அங்கேதான் வந்தாள். கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். குஞ்சை முந்தானைக்குள் வைத்திருந்தாள். தலையை ரெண்டு விரலால் கொஞ்ச நேரம் நீவிக்கொடுத்தாள். அது கண்ணை மூடியது. அப்புறம் அவள் கை என்ன செய்தது என்று நமக்குத் தெரியவில்லை. முந்தானைக்குள் ஒரு அசைவு, அவ்வளவுதான். வாழைப்பூவில் நரம்பு எடுக்கிற நேரம்கூட இல்லை. "போயிட்டு நல்ல எடமாப் பாத்து வா" என்றாள். ஆனால் முந்தானையைப் பிரிக்காமல் நெஞ்சோடு சேர்த்து வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் ஏதோ படபடவென்று அடித்து, அடித்து, நின்றது. உனக்கு வேர்த்துக் கொட்டியது. செத்துப்போனதை இவள் ஏன் இன்னும் கட்டிப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குக் குழப்பம்.

முருங்கையடியில் முழங்கை ஆழம் குழி. ஒரு கை சுண்ணாம்பு, ஒரு கை கம்பு. அப்புறம் அடுப்படிக்கு வந்து சாம்பலை அள்ளிக் கையில் தேய்த்து, தேய்த்து, தேய்த்துக் கழுவினாள். நம்மைப் பார்த்ததும், "வெத்தலை எங்கடா?" என்றாள். பார்த்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். மதியம் அவள் சாப்பிடவில்லை. நீராகாரம் மட்டும் குடித்தாள்.

இதே அப்பத்தாதான் ஆடியில் குலசாமிக்குச் சேவல் அறுக்கும்போது பக்கத்தில் நின்று ரத்தம் சிந்தாமல் கிண்ணத்தில் பிடிக்கச் சொல்வாள், ஈரலை யாருக்கு என்று பங்கு பிரிப்பாள், ரெண்டு கரண்டி குழம்பு கூட ஊற்றிக்கொள்வாள். ஒருமுறை, சீக்குக் குஞ்சுகளைக் கறி போடுகிறவரிடம் கொடுத்துவிடலாமே என்று சித்தப்பா சொன்னார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவன் கை பசிக்கு அறுக்கிற கை. இது பசிக்கு இல்ல." வேறு வீடுகளில் செத்ததையும் சாகப்போவதையும் ஓடையில் வீசினார்கள், நாயும் காக்கையும் இழுத்து ஊர் பூராவும் சீக்கைப் பரப்பின. சிலர் பாதி விலைக்கு விற்றார்கள். சிலர் அப்படியே விட்டார்கள், தானாகப் போகட்டும் என்று. அது போக மூன்று நாள் ஆகும், நான்கு நாள் ஆகும். பாவம் நமக்கு வேண்டாம் என்பார்கள்.

திண்ணையில் இது பேச்சாக வந்தபோது மேலவீட்டு வாத்தியார் தாத்தா காந்தி கதையைச் சொன்னார். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி, புரளக்கூட முடியாத வேதனையில் கிடந்தது. மருத்துவம் கைவிட்டபின் காந்தி பக்கத்திலேயே நிற்க, டாக்டர் விஷ ஊசி போட்டார். ரெண்டு நிமிசத்துக்குள் முடிந்துவிட்டது. அகிம்சை பேசுகிறவர் பசுவின் கன்றைக் கொல்லலாமா என்று நாடே கொதித்தது. கோபக் கடிதங்கள் குவிந்தன. மனிதர் ஒளிக்கவில்லை, நடந்ததைத் தன் பத்திரிகையிலேயே எழுதினார். தாத்தா சொல்லி முடித்ததும் எல்லாரும் சரியா தப்பா என்று பேச ஆரம்பித்தார்கள். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அப்பத்தா ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஊசி போடும்போது காந்தி அங்கிட்டு இங்கிட்டுப் போகாம பக்கத்துலயே நின்னாரா?" நின்றார் என்றார் தாத்தா. "அப்பச் சரிதான்" என்று முறுக்கைத் திருப்பிப் போட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் படுக்கையில் விழுந்த கிழடுகளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு; எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்து... தலைக்கூத்தல் என்று சன்னமாகச் சொல்வார்கள். கீழத்தெருவில் ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்த அன்று அப்பத்தா குளித்த ஈரத்தோடு வாசலில் நின்று கத்தியதை நீ கேட்டிருப்பாய். அந்தச் சத்தம் உங்கள் வீடு வரைக்கும் வந்தது. "அந்தக் கெழவிக்கு இரை எறங்குச்சு. கூப்பிட்டாத் திரும்புச்சு. தண்ணி குடிச்சா. யாருக்குடா வலிச்சுச்சு? அவளுக்கா, பாத்துக்கிட்ட ஒங்களுக்கா?" அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. கோழியையும் கிழவியையும் ஏன் ஒன்றாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஒன்றாகப் பேசவில்லை. பிரித்துத்தான் பேசினாள்.

திருவிழாவில் கலர்க்குஞ்சு விற்றானே, அதுவும் இப்போது ஏனோ ஞாபகம் வருகிறது. கூடை நிறைய ரோஸ், பச்சை, நீலம். காசு சேர்த்து ஆளுக்கொன்று வாங்கினோம். உன்னுடையது பச்சை. அப்பத்தா என்னுடையதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, "தாய் வாடையே இல்லையேடா" என்றாள். மூன்றாம் நாள் ரெண்டும் இல்லை. முட்டைக்கென்று வளர்க்கிற இனத்தில் பொரித்த சேவல் குஞ்சுகள் அவை. முட்டையிடாது, கறிக்கும் தேறாது. அதனால் சாயம் ஏறிக் கூடைக்கு வரும். வராதவை பொரிப்பகத்திலேயே, பொரித்த அன்றைக்கே முடிந்துபோகும். உலகத்தில் பெரும்பாலும் இப்படித்தான். ஜெர்மனியில் சட்டம் போட்டு 2022 முதல் நிறுத்தினார்கள். பொரிப்பகத்தில் யார் அதன் தலையை நீவிக்கொடுத்திருப்பார்கள்?

சரி, மாசிக்கு வருகிறேன். என் செவலைக்குப் பதின்மூன்று முட்டை வைத்தேன். ரெண்டு கூமுட்டை. பதினொன்று பொரித்தது. ஆணியும் கரியும் வைத்தேன், கேட்காதே. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விட்டிருக்க வேண்டும். தெரியும். கால்நடைத் துறை பிப்ரவரியில் ரெண்டு வாரம் கழிச்சலுக்கு ஊர் ஊராய்த் தடுப்பூசி போடுகிறது. ஆனால் அது வளர்ந்த கோழிக்கு. குஞ்சு மருந்து ஒரு குப்பி நூறு குஞ்சுக்குக் காணும். கலக்கினால் கொஞ்ச நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். பதினொரு குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைக்க யோசித்து, அடுத்த வாரம் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு வாங்கலாம் என்று தள்ளிப்போட்டேன். குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்த அப்பத்தாவைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம், இல்லையா?

அடுத்த வாரத்தில் மூன்று தூங்கின. ஒன்றுக்குக் கழுத்துத் திருகியது. மற்ற ரெண்டும் படுத்த இடத்திலேயே துழாவின. சின்ன வெங்காயம் நசுக்கினேன், மிக்ஸியில். தூக்கைக் கவிழ்த்துத் தட்டினேன். மகள் செல்போன் வெளிச்சத்தில் அட்டைப்பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு, "பிழைச்சிரும்ல்லப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆமாம் ஆமாம் என்றேன். மூன்று காரியமும் பார்த்தேன். கழுத்துத் திருகினது தண்ணீர் குடித்தது. தாய் கூப்பிட்டால் அந்தத் திருகின கழுத்தோடேயே திரும்பப் பார்த்தது. மற்ற ரெண்டுக்கும் மூன்றும் போயிருந்தது. தெரிந்தும் அன்றைக்குப் பேசாமல் இருந்தேன். மறுநாளும் இருந்தேன். என் கை அதற்குப் பழகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அதற்கும் மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால் ரெண்டும் அப்படியே, கண்ணில் எறும்பு ஏற விட்டுக்கொண்டு மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தன. 'யாருக்குடா வலிச்சுச்சு' என்று வாசலில் நின்று ஒரு கிழவி கத்தினாள். என் மனசு நோகக்கூடாது என்று நான் தள்ளிப்போட்ட மூன்று நாளையும் அவைதான் பட்டிருக்கின்றன.

கால்நடை மருந்தகத்தில் டாக்டரம்மா சின்னப் பெண். பெட்டியைத் திறந்ததும் முகம் சுளிக்கவில்லை. கழுத்துத் திருகினதைத் தனியே எடுத்து வைத்து, "இது சாப்பிடுது. கையில ஊட்டிவிடுங்க, சிலது இப்படியே பிழைச்சுக்கும். மத்ததுக கூட விடாதீங்க" என்றாள். ரெண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன். ஊசியா என்று கேட்டேன்.

"இம்புட்டுச் சின்னதுல நரம்பு தேடுறதுக்குள்ள அதுக்குத்தான் கூடுதல் வேதனை, சார். பழகின கைன்னா கையாலயே ஒரு நொடி. பழகாதவங்க செய்யக் கூடாது, அரைகுறையாப் போயிரும். சில பேர் தண்ணியில முக்குறாங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்கிறாங்க. சத்தம் வராது, நமக்குத் தெரியாது, ஆனா அது ரொம்ப நேரம் அனுபவிக்கும்."

வெளியே இருக்கிறீர்களா என்று கேட்டாள். வெற்றிலை வாங்கிட்டு வாங்க என்று சொன்ன மாதிரி இருந்தது. இல்லம்மா, இங்கேயே நிற்கிறேன் என்றேன்.

அவள் ஒரு பழைய துண்டை எடுத்தாள். குஞ்சை அதற்குள் வைத்தாள். தலையை ரெண்டு விரலால் நீவினாள். அதே விரல்கள், சத்தியமாகச் சொல்கிறேன், அதே ரெண்டு விரல்கள். துண்டுக்குள் ஒரு அசைவு. அப்புறம் துண்டைப் பிரிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். உள்ளே படபடவென்று அடித்தது. நான் பதறியிருக்க வேண்டும். "உயிர் அப்பவே போயிருச்சு சார். இது நரம்பு அடிக்கிறது. அதுக்கு ஒண்ணும் தெரியாது. பாக்குறவங்களுக்குத்தான் தாங்காது, அதான் துண்டு" என்றாள்.

நாற்பது வருசம் ஆகியிருக்கிறது எனக்கு. முந்தானையை அப்பத்தா ஏன் பிரிக்கவில்லை என்று புரிய. படப்புக்குப் பின்னால் ரெண்டு பயல்கள் இருப்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து பின்பக்கம் குழி வெட்டினேன். முருங்கை இல்லை, சுவரோரம் ஒரு செம்பருத்தி நிற்கிறது, அதனடியில். சுண்ணாம்பு கடையில் வாங்கினேன். கம்புக்குப் பதில் அரிசி. மகள் வந்து நின்றாள். போய் ஏதாவது வாங்கிக்கொண்டு வா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. அவளே ஒரு கைப்பிடி மண் அள்ளிப் போட்டாள். செவலை எட்டுக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கொக்கொக் என்று மதில் ஓரமாய்ப் போய்க்கொண்டிருந்தது. நான் அதைக் கண்ணாலேயே எண்ணினேன். பெட்டிக்குள் ஒற்றையாய் ஒரு கீச். திருகின கழுத்துக்காரனுக்கு ஊட்டுகிற நேரம்.

கை கழுவ அடுப்படிக்குப் போனேன். கேஸ் அடுப்புக்கு முன்னால் போய் நின்று, குனிந்து, அதன் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "என்ன தேடுறீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

சாம்பல் என்றேன். அவள் எலுமிச்சை வாசனை அடிக்கிற சோப்புக் குப்பியை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.